மூன்றாம் ஓலை

சுகிர்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கல்யாணம்தான் ஆகியிருந்தது. மீதி ஒரு பங்குக்காகப் பதினெட்டு வருஷம் காத்திருந்தாள். மலாயாவில் கோத்தா திங்கி சாலையில் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

திருநெல்வேலிச் சீமையின் வேதக்காரர்களிடம், அதாவது கிறிஸ்தவர்களிடம், ஓலை வாசிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து கோயிலில் ஐயர் எழுந்து நின்று, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கப்போகிறது, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று சபைக்கு முன்னால் வாசிப்பார். ஐயர் என்றால் பூணூல்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கி போட்ட பாதிரியாரை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பனையோலையில் எழுதிய காலம் போய்க் காகிதம் வந்து எத்தனையோ வருஷமாகியும் அதற்குப் பெயர் ஓலைதான். மூன்று ஓலையும் வாசித்து முடித்தால்தான் கல்யாணம்.

1912ஆம் வருஷம் ஆசீர்விளை என்ற ஊரில் சுகிர்தத்துக்கும் பாக்கியநாதனுக்கும் இரண்டு ஓலை வாசித்தார்கள். இரண்டையும் அவளுடைய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டாள். மூன்றாவது ஓலைக்கு முந்தின வாரம் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஊருக்குள் வந்தான். மழை பொய்த்த வருஷம் அது. வியாழக்கிழமை நாகப்பட்டினத்துக்கு ரயிலேறுகிற கூட்டத்தில் பாக்கியநாதன் பெயர் கொடுத்துவிட்டான். மூன்று வருஷத்தில் திரும்பி வந்து கட்டிக்கொள்கிறேன் என்றான். இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனவர்களுக்காகக் காத்துக்கிடந்த பெண்கள் ஊரில் நாலு பேர் இருந்தார்கள். சுகிர்தம் ஐந்தாவது ஆளாக இருக்கத் தயாராக இல்லை. தண்ணீருக்குப் போய்வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, குடத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, கங்காணியின் வண்டியில் ஏறிவிட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

கப்பலேறுகிறவர்களைத் தங்கவைக்கிற நாகப்பட்டினம் டிப்போவில் குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே, "புருஷன் பெஞ்சாதியா?" என்று கேட்டான். "ஆமா" என்றான் பாக்கியநாதன். அவ்வளவுதான் அவர்கள் கல்யாணம்.

அதற்குப் பிறகு ஜொகூர். காட்டை அழித்து நட்ட மரங்கள் பால் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறி, பால் எடுத்துவிட வேண்டும். கூலிகளின் வரிசை வீடான லயத்தில் அவர்களுக்கு ஓர் அறை கிடைத்தது. கிருபை என்று ஒரு பெண் பிறந்தாள். பாக்கியநாதன் நல்லவன், குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, பேசுவதும் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு படித்தவன் என்பதால் மற்றவர்களின் கடிதங்களை எல்லாம் அவன்தான் எழுதிக்கொடுத்தான். தங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டாம் என்றவள் சுகிர்தம்.

"என்னன்னு எழுதச் சொல்லுதீக? மூணாவது ஓல வாசிக்காமலே புள்ளையும் பெத்தாச்சுன்னா?"

அவளுக்கு ஊர் நினைப்பு என்பது ஊரைப் பற்றியது அல்ல. அந்தச் செம்மண் தேரியையும் தண்ணீரில்லாத கிணற்றையும் அவள் ஒருநாளும் தேடியதில்லை. அம்மாவைத்தான் தேடினாள். வெறும் குடத்தைப் பார்த்தபோது அம்மா என்ன செய்திருப்பாள் என்று மரத்துக்கு மரம் யோசித்தாள். ஒருமுறை ஆசீர்விளைக்குப் பக்கத்து ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவன் சேதி சொன்னான். அம்மா உயிரோடு இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் அதே முன்வரிசையில் வந்து உட்காருகிறாள். மகளைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. சுகிர்தம் அன்று சோறு வடிக்க மறந்துபோனாள்.

திரும்பிப் போகவும் முடியாது. ஓலை முடியாமல் குடும்பம் நடத்தினவர்களை ஊர்ச் சபை சும்மா விடாது. கோயிலில் வாசலோரமாக, தனியாக உட்காரவைப்பார்கள். ஐயர் சொல்கிற நாள் வரைக்கும் நற்கருணை கிடையாது. அந்த வாசலில் தான் உட்கார்ந்திருக்க, முன்வரிசையில் அம்மா திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் காட்சியைச் சுகிர்தம் ஆயிரம் தரமாவது கண்டிருப்பாள். அதனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மூன்றாவது ஓலை. அது கிடைத்துவிட்டால் தலை நிமிர்ந்து அம்மா முன்னால் போய் நிற்கலாம்.

1930இல் ரப்பர் விலை படுத்தது. பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். வேலை இல்லாதவர்களைச் செலவில்லாமல் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஆபீஸில் பட்டியலும் போட்டார்கள். பாக்கியநாதன் மூன்று பெயர் கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்குச் சுகிர்தம் அவன் கையில் ஒரு தபால் கார்டைக் கொடுத்து, "சிங்கப்பூர் ஐயருக்கு எழுதுங்க" என்றாள். சிங்கப்பூரில் தமிழ்ச் சபை ஒன்று இருப்பதை ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரசர் சொல்லியிருந்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. ஐயர் கண்டிப்பானவர், ஆனால் பொறுமையாக எழுதியிருந்தார். பழைய இரண்டு ஓலையும் காலாவதியாகிவிட்டன, முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஓலை என்பது சபைக்கு முன்னால் வாசிப்பது. உங்கள் தோட்டத்தில் சபை இல்லை. வேதக்காரர்கள் யாராவது இருந்தால் ஞாயிறுதோறும் ஓரிடத்தில் கூடுங்கள். எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் ஜெபம் வாசிக்கட்டும், இரண்டு ஞாயிறு ஓலையையும் அவரே வாசிக்கலாம். மூன்றாம் ஞாயிறு நானே வந்து, சபை உண்டென்று கண்ணால் கண்டால், மூன்றாம் ஓலையை வாசித்து அன்றே கல்யாணத்தையும் முடித்துவைக்கிறேன்.

"ரெண்டும் செல்லாதாமா?" என்றாள் சுகிர்தம். "எங்கம்மா காதால கேட்டதுல்லா அது!" அரை மணி நேரம் ஐயரைத் திட்டினாள். அதன் பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சபை தேடப் புறப்பட்டாள்.

அந்தத் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் உண்டு, ஆடியில் திருவிழா உண்டு. வேதக்காரர்கள் யார், எவர் என்று யாரும் கேட்டதும் இல்லை, சொல்லிக்கொண்டதும் இல்லை. சுகிர்தம் லயம் லயமாகப் போய், சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தாள். சோற்றில் கை வைக்குமுன் கண்ணை மூடுகிறவர்கள் யார் என்று கணக்கெடுத்தாள். இப்படியாக மேல் லயத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் இரண்டு அகப்பட்டன. பெரியவர்களும் சிறியவர்களுமாக ஏழு பேர். புகைக்கூடத்தில் ரப்பர்த் தட்டுகளைக் காயவைக்கிற யாக்கோபு என்ற நாகர்கோவில்காரர் எட்டாவது ஆள். யானைக்கால் நோயுள்ள அவர், கண்ணை மூடியது ஜெபத்துக்கா தூக்கத்துக்கா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்டதற்கு, "ரெண்டும்தான்" என்றார். தங்கள் மூவரையும் சேர்த்துப் பதினொரு பேர். சுகிர்தத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூடுவதற்கு இடம்தான் இல்லை. பழைய பால் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது; தூண்கள் நின்றன, கூரை இல்லை. தண்டல் வீரமுத்துவிடம் போய்க் கேட்டாள். தண்டல் என்றால் கூலிகளை மேய்க்கிறவர். வீரமுத்துவுக்கு மீசை பெரியது, மனசும் பெரியது, பொறுமை மட்டும் சின்னது. மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுக்கிறவர்.

"எடுத்துக்க தங்கச்சி. ஆனா கூரை இல்லியே. எதுக்கு இப்ப திடீர்னு?"

"ஓல வேணும்ணே. மூணு ஓல இல்லாததாலதான் இத்தன வருசமா எங்க கல்யாணம் நிக்குது. ஓலைக்கு ஏற்பாடு பண்ணினாத்தான் ஐயரு வருவாராம்."

வீரமுத்து அவளை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் மத்தியானம் ஆற்றங்கரையிலிருந்து நாலு ஆட்கள் தலைச்சுமையாகக் கூரை வேய்கிற அத்தாப்பு ஓலைக் கட்டுகளைக் கொண்டுவந்து கொட்டகை முன்னால் போட்டார்கள். மலாய்க்காரர் கிராமமான கம்பத்திலிருந்து சம்பான் படகில் வந்த புத்தம்புது ஓலை.

"மூணு ஓலையாம்ல, மூணு! முப்பது கட்டு இருக்கு," என்றார் வீரமுத்து. "அலமாக்! ஒரு பொம்பளைக்குக் கல்யாணம் நிக்கிறது கூரை ஓலைக்கின்னு மொதல்லயே சொல்லியிருந்தா, பதினெட்டு வருசம் முந்தியே போட்டுக் குடுத்திருப்பேன்லா!"

சுகிர்தம் விளக்கப் பார்த்தாள். பாக்கியநாதன்தான், "குடுத்தத வாங்கிக்க, ஏளா" என்றான். அன்று பொழுது சாய்வதற்குள் கூரை ஏறிவிட்டது.

முதல் ஞாயிறு பதினொரு பேரும் வந்தார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் ஒரு ராகத்தில் பாடினார்கள், சுகிர்தம் வேறொரு ராகத்தில் பாடினாள். யாக்கோபு இருவருக்கும் பொதுவாக இருமினார். அதன் பிறகு பாக்கியநாதன் ஐயர் அனுப்பிய காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான். எழுத்துத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானே. மாப்பிள்ளையே தன் கல்யாண ஓலையைத் தானே வாசிக்க வேண்டியதாகிவிட்டது.

"காலஞ்சென்ற தாவீது குமாரத்தி, கன்னிகை... சுகிர்தத்துக்கும்..."

வெளியே நின்று வேடிக்கை பார்த்த பக்கத்து அறைப் பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பதிமூணு வயசுப் புள்ளைக்குத் தாயி, கன்னிகையாம்லா! அம்மா கல்யாணத்தப் பாக்கக் குடுத்துவச்சவ நீதான்டி கிருபை!" என்றாள்.

சுகிர்தத்துக்கு அது எதுவும் காதில் விழவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவன் அவள் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை. "ஏளா" என்பான், "இந்தா" என்பான், இல்லாவிட்டால் தொண்டையைச் செருமுவான். தன் பெயர் அவன் வாயில் இத்தனை நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று அவன் வாசித்து நிறுத்தியபோது கொட்டகை அமைதியாக இருந்தது. இரண்டாம் ஞாயிறும் அப்படியே. அந்த வாரம் அவன் எங்கும் தடுக்காமல் வாசித்தான். கப்பல் மூன்றாம் ஞாயிற்றுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. எல்லாம் ஒழுங்காகக் கூடிவந்துவிட்டது என்று சுகிர்தம் நினைத்தாள். அம்மாவிடம் முதலில் என்ன பேசுவது என்று மரம் வெட்டும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை பெரட்டில் வீரமுத்து சேதி சொன்னார். கப்பலை முன்னால் தள்ளிவிட்டார்கள். லாரி சனிக்கிழமை காலையில் வரும்.

அன்று வீட்டில் பாக்கியநாதன் வழக்கத்துக்கு மாறாகப் பேசினான்.

"போயிருவோம். மூணாவது ஓலய ஊர்லயே வாசிச்சுக்கிடலாம்."

"வாசலோரமா உக்காந்தா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"எங்கம்மா முன்னாலயா? நான் ஓடுனவளாப் போக மாட்டேன். கட்டினவளாத்தான் போவேன். நீங்க வேணும்னா கிருபையக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"நீ இல்லாம நான் எங்க போவேன்?"

"அடுத்த கப்பல் வராமலா போவும்? நாலு நாளு முன்னப்பின்ன ஆனா என்ன?"

மறுநாள் காலையில் பாக்கியநாதன் ஆபீஸுக்குப் போய் மூன்று பெயரையும் அடிக்கச் சொல்லிவிட்டு வந்தான். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, "நல்லா யோசிச்சியா? ஒருதரம் அடிச்சா அடிச்சதுதான்" என்றாராம். இவன் தலையை ஆட்டினானாம். அதை அவளிடம் சொல்லவில்லை, பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை லாரி வந்தது. தஞ்சாவூர்க் குடும்பங்கள் இரண்டும் மூட்டை முடிச்சோடு ஏறின. "ஊர்ல பாப்போம்க்கா" என்று ஒருத்தி கையை ஆட்டினாள். லாரி சாலை வளைவில் மறையும்வரை சுகிர்தம் நின்றாள். சபையில் ஏழு பேர் அந்த லாரியில் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். வெள்ளை அங்கி, தூசி படிந்த சப்பாத்து. பதினொரு பேர் என்று எழுதியிருந்ததை நம்பி வந்தவர். கொட்டகைக்குள் சுகிர்தம், பாக்கியநாதன், கிருபை, யாக்கோபு.

"சபை எங்கம்மா?" என்று கேட்டார்.

"நேத்து லாரியில போயிருச்சுங்கய்யா."

ஐயர் அவளை உற்றுப் பார்த்தார். "நீங்க ஏன் போகல?"

"மூணாவது ஓல பாக்கி இருக்குங்கய்யா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டப்படி பார்த்தால் திரும்பிப் போயிருக்க வேண்டியவர். சுகிர்தமும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள். அந்த நேரத்தில் வீரமுத்து மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே வந்து, துண்டை விரித்து முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. அவர் பின்னால் பேச்சியம்மாள், அவள் பின்னால் கீழ் லயத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர்.

"வாசிங்க சாமி. கேக்கத்தானே ஆளு வேணும்? நாங்க கேக்கிறோம்" என்றார் வீரமுத்து.

ஐயர் சிரித்துவிட்டார். யாக்கோபை எண்ணினார், குடும்பத்தை எண்ணினார். "ரெண்டு மூணு பேர் கூடினாப் போதும்னுதான் வேதத்திலேயும் இருக்கு" என்று சொல்லிவிட்டு, காகிதத்தைப் பிரித்தார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்ற இடத்தில் அவர் நிறுத்தியதும், பேச்சியம்மாள் திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். "எவன் சொல்றான், சொல்லட்டும் பாப்போம்!" என்றாள். யாரும் சொல்லவில்லை. அப்படியாக மூன்றாவது ஓலை முடிந்தது. கிருபைக்கு ஞானஸ்நானம், அம்மா அப்பாவுக்குக் கல்யாணம், இரண்டும் ஒரே காலையில் நடந்தன. ஐயர் தம் நோட்டில் தோட்டத்தின் பெயரை எழுதி, எதிரே 'சபை, நான்கு பேர்' என்று எழுதிக்கொண்டார். மாதம் ஒருமுறை வருவதாகச் சொன்னார். சொன்னபடி வரவும் செய்தார்.

அடுத்த கப்பலுக்குப் பெயர் கொடுக்கப் போனபோதுதான் கிராணி அன்று பாக்கியநாதனிடம் சொன்னது சுகிர்தத்துக்குத் தெரிந்தது. தானாக வேண்டாம் என்றவர்களை மறுபடி பட்டியலில் சேர்க்க மாட்டார்களாம். அவள் கிராணியிடம் கெஞ்சினாள், வீரமுத்துவை விட்டுப் பேசச் சொன்னாள், ஆபீஸ் படியில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அரை வேலைச் சம்பளத்தில் சொந்தமாகக் கப்பலேற வழியே இல்லை. ஊருக்குப் போவதற்காகத்தான் சபை வைத்தாள். அந்தச் சபையே அவளை இங்கே நிறுத்திவிட்டது. "உன்னாலதான்" என்று பாக்கியநாதன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் கொட்டகையைக் கூட்டிப் பாய் விரிப்பதற்கு அவளுக்கு முன்னால் போய்விடுவான். சபை மெதுவாக வளர்ந்தது. ஐந்து பேரானது, பிறகு எட்டு.

கல்யாணச் சான்றை ஒரு பிரதி எடுத்து, அதோடு கடிதமும் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். பாக்கியநாதன் எழுதினான், சுகிர்தம் சொன்னாள். சொன்னதில் பாதியை எழுத முடியவில்லை. எழுதியது இவ்வளவுதான்: மூன்று ஓலையும் முறைப்படி வாசித்து எங்களுக்குக் கல்யாணமாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லவும்.

மூன்று மாதம் கழித்து ஆசீர்விளை உபதேசியாரிடமிருந்து பதில் வந்தது. ஐயர் வராத ஞாயிறுகளில் ஊர்க் கோயிலை நடத்துகிறவர் அவர். பாக்கியநாதன் கடிதத்தை வாசற்படியில் உட்கார்ந்து வாசித்தான்.

"உங்கள் சான்று கிடைத்தது. சபையாரோடு கலந்து பேசினோம். 1912இல் இங்கே இரண்டு ஓலை வாசித்து மூன்றாவது நின்றுபோயிருந்ததால், அதையும் இங்கேயே வாசித்து முடித்துவிடுவதென்று ஐயர் தீர்மானித்தார். போன ஞாயிறு வாசித்தார். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று வழக்கப்படி கேட்டார். முன்வரிசையில் உங்கள் தாயார் எழுந்து நின்றார்கள். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு உங்களைப் பற்றி அவர்கள் பேசியது அன்றைக்குத்தான். 'எனக்கு ஒரு ஆட்சேபண உண்டும். எம்புள்ள தண்ணிக்குப் போறேன்னுல்லா போனா, இன்னும் வரலியே' என்றார்கள். அதை எப்படிப் பதிவதென்று எங்களுக்குத் தெரியாததால், உங்களுக்கு அப்படியே எழுதியிருக்கிறேன்."

பாக்கியநாதன் காகிதத்தை மடித்தான். சுகிர்தம் மடிக்க விடவில்லை. அம்மா சொன்னது எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். அவன் விரல் வைத்துக் காட்டினான். எழுத்துத் தெரியாத அவள் அந்த வரியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பதில் எழுதணும்லா," என்றான் அவன். "என்னன்னு எழுதட்டும், சுகிர்தம்?"

ஓலைக்கு வெளியே அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் வாயைத் திறந்தாள். அம்மா, அம்மா என்ற அழுகைதான் வந்தது.